குழாய் எரிவாயு நின்ற பத்தொன்பது நாள்: கசெட் அடுப்பு குறித்து ஒரு மதிப்பீடு

2024 ஆகஸ்ட் 8 அன்று கியூஷூ தீவுக்குக் கிழக்கே ஹியூகா கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஜப்பானின் பசிபிக் கரையோரக் கடலடியில் உள்ள நன்காய் அகழிப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் நிகழும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று ஜப்பான் வானிலை முகமை அன்று முதன்முறையாக அறிவித்தபோது, டோக்கியோ பக்கத்து அங்காடிகளில்கூட அரிசி அடுக்குகள் காலியாயின. டோக்கியோவின் நிஷி கசாய் வட்டாரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் பலரும் அப்போது என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவசரகாலப் பை வாங்கலாமா, வாங்கினால் எது நல்லது? பையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு கசெட் அடுப்பு வாங்கி வையுங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொன்ன பதில். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும், அந்த அடுப்பிடம் எனக்கு உள்ள குறைகளையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மதிப்பீடு.

ஜப்பானியர் ‘கசெட்டோ கொன்ரோ’ என்று அழைக்கும் இந்தப் பொருள், மேசைமேல் வைத்துச் சமைக்கும் ஒற்றை அடுப்பு. வலப்பக்கத்தில் ஒரு சிறு கூண்டு இருக்கும். 250 கிராம் பியூட்டேன் அடைத்த குப்பி ஒன்றைப் படுக்கை வாட்டில் அதனுள் பொருத்தி, நெம்புகோலை அழுத்தி, குமிழைத் திருகினால் பற்றிக்கொள்ளும். குழாயும் கிடையாது, தனியே நிற்கும் சிலிண்டரும் கிடையாது. குழாயில்லாத இந்த அமைப்பை இவாதானி நிறுவனம் 1969இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. குளிர்காலத்தில் குடும்பத்தோடு சுற்றி உட்கார்ந்து, நடுவில் கொதிக்கும் சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடும் ‘நபே’ விருந்துக்காகவே பெரும்பாலான வீடுகளில் இது இருக்கிறது. பேரிடர்ப் பொருள் என்ற எண்ணத்தோடு வாங்கியவர்கள் 2011 வாக்கில் குறைவு. எங்கள் வீட்டில் அதுவும் இல்லை.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46. அப்போது நாங்கள் சிபா மாகாணத்து உராயாசு நகரில், இரிஃபுனே பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். நிலநடுக்கத்தின் மையம் எங்களிடமிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, தோஹோக்குக் கடற்கரைக்கு அப்பால் இருந்தது; அங்கே சுனாமியில் பறிபோன உயிர்களுக்கு முன்னால் எங்கள் தொல்லைகளைத் தொல்லை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உராயாசுவின் முக்கால் பங்கு நிலம் டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து உண்டாக்கியது. நீண்ட நேரம் குலுங்கியதில் அடிமண் கூழாகிச் சாம்பல் நிறச் சேறாகத் தெருவெங்கும் பொங்கி வழிந்தது, மின்கம்பங்கள் சாய்ந்தன, தக்காசு பூங்காவில் நிலநடுக்கக் கால அவசரத் தேவைக்காகப் பூமிக்குள் புதைத்திருந்த தண்ணீர்த் தொட்டியின் நுழைவாய் தரைக்கு மேலே வந்து நின்றது. கட்டடம் விழவில்லை. கட்டடத்துக்கு வரும் குழாய்கள்தான் மண்ணுக்குள் முறிந்தன. நகரத்தில் எரிவாயு முழுதும் திரும்ப மார்ச் 30 ஆயிற்று, குடிநீர் ஏப்ரல் 6 ஆயிற்று, கழிவுநீர் ஏப்ரல் 15 ஆயிற்று. பக்கத்திலிருந்த டிஸ்னிலேண்டு மறுபடி திறந்ததும் அதே ஏப்ரல் 15தான். மகளுக்கு இன்றும் நினைவிருப்பது அந்தத் தேதி.

ஜப்பானில் வீட்டு எரிவாயு மீட்டர், ஜப்பானிய அதிர்வு அளவுகோலில் 5 என்ற அளவை ஒட்டி வந்தாலே தானாக மூடிக்கொள்ளும். வாசலுக்கு வெளியே உள்ள மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தால், கசிவு இல்லையென்றால் திறந்துகொள்ளும். டோக்கியோவில் இருந்த நண்பர்கள் வீட்டில் அப்படித் திறந்துகொண்டது. அன்று மாலை நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுத்தினேன், காத்திருந்தேன், மறுபடி அழுத்தினேன். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. தெருவுக்கடியில் குழாயே உடைந்திருக்கும்போது பொத்தான் என்ன செய்யும்? கணவர் டோக்கியோவின் ஓதேமாச்சியிலிருந்து நடந்தே கிளம்பி, மறுநாள் விடியும் வேளையில்தான் வந்து சேர்ந்தார். சோறு ஏதும் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, பிஸ்கட்டும் ஊறுகாயும் இருந்தன.

பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் தட்டியது அந்தக் காலைதான். பால்புட்டிக்கு வெந்நீர் வேண்டுமே என்று நினைத்து, தன் கசெட் அடுப்பையும் நான்கு குப்பிகளையும் மளிகைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். “ஒகுசான் (வீட்டுக்காரம்மா), நான் ஒருத்திக்கு மின்கெண்டி போதும்” என்று சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார். பால்மாவைக் கலக்கும் நீர் 70 பாகைக்குக் குறையக் கூடாது என்பது இங்குள்ள விதி. மின்சாரம் இருந்த நேரமெல்லாம் மின்கெண்டி அந்த வேலையைச் செய்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 14ஆம் தேதி முதல் டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ பகுதியில் வட்டாரம் வட்டாரமாகத் திட்டமிட்ட மின்தடை தொடங்கியது; ஒரு தடவை நிறுத்தினால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். குழந்தையின் பசி அந்த அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

இனி அடுப்பின் தகுதிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, தமிழ்ச் சமையலுக்கு இது தாங்கும். தீ போதாது என்ற குறை எனக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. மூன்று லிட்டர் குக்கரில் அரிசி வைத்து, இரண்டு விசில் வந்ததும் அணைத்து, குக்கரைச் செய்தித்தாளிலும் பழைய கம்பளியிலும் சுற்றி இருபது நிமிடம் மூலையில் வைத்துவிட்டால், எஞ்சிய சூட்டிலேயே சோறு மலர்ந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் அடுப்பு ரசத்துக்குக் கிடைக்கும். துவரம்பருப்பை ஒதுக்கிவிட்டுப் பாசிப்பருப்புக்கு மாறினேன், பாதி நேரத்தில் வெந்துவிடும் என்பதற்காக. முழுத் தீயில் ஒரு குப்பி ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும் என்பது பொதுக் கணக்கு. எங்கள் சிக்கனத்தில், மின்சாரம் இருந்தபோது சோற்றை மின்குக்கரில் வைத்துக்கொண்டதையும் சேர்த்து, ஒரு குப்பி ஒன்றரை நாள் வந்தது. பத்தொன்பது நாளுக்கு மொத்தம் பதின்மூன்று குப்பிகள். காலிக் குப்பிகளை பால்கனியில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்ததால் எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது. ஜப்பான் வேளாண் அமைச்சகத்தின் வீட்டுச் சேமிப்பு வழிகாட்டி ஆளுக்கு வாரம் ஆறு குப்பி என்கிறது. குக்கர் இல்லாத வீட்டுக்கு அந்தக் கணக்கு சரியாகலாம். நம் வீடுகளுக்கு அது கொஞ்சம் தாராளம்.

அந்தப் பதின்மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவையல்ல. கடைகளில் முதல் இரண்டு நாளிலேயே குப்பிகள் தீர்ந்துவிட்டன. மின்கலம், ரொட்டி, கழிவறைத் தாள் எல்லாம் தீர்ந்த அதே வேகம்தான். ஃபுகுஷிமா அணு உலைச் செய்திகளைக் கேட்டுச் சென்னைக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், விமான நிலையம் போகும் வழியில் ஆறு குப்பிகளையும் இரண்டு கிலோ பருப்பையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. குப்பிகளை விமானத்தில் ஏற்ற முடியாது. பருப்பை ஏற்றியிருக்கலாம், ஆனால் தந்துவிட்டார்கள். மீதி மூன்றையும் கணவரின் அலுவலக நண்பர் கொண்டுவந்தார். ஆக மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் குப்பிகள், எல்லாமே மூதாட்டியின் அடுப்பில் சிக்கலின்றிப் பொருந்தின. இது தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். 1995 ஜனவரியில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது நிலைமை வேறாக இருந்ததாம்: நிறுவனத்துக்கு நிறுவனம் குப்பியின் அமைப்பு வேறுபட்டதால், உதவியாக வந்த குப்பி கையிலிருந்தும் இருக்கிற அடுப்பில் பொருந்தாமல் மக்கள் திண்டாடினார்கள். அந்தப் பாடத்துக்குப் பின் 1998இல் ஜப்பானியத் தொழில் தரநிலையில் குப்பியின் வடிவத்தை ஒன்றாக்கினார்கள். உற்பத்தியாளர்கள் இன்றும் தங்கள் குப்பியையே பயன்படுத்தச் சொல்லி அடுப்பின்மேல் அச்சிடுகிறார்கள்; சாதாரண நாளில் நானும் அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கோபேக்காரர்கள் பட்ட பாட்டின் பலனை 2011இல் என் சமையலறையில் அனுபவித்தேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர் இல்லாத வீட்டில் அடுப்பு மட்டும் இருந்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. தண்ணீர் வண்டியின் முன் வரிசையில் நின்று, ஆறு லிட்டர் பைகளை மாடிப்படியில் சுமந்து வந்த நாட்களில், சோற்றுக்கு ஊற்றும் தண்ணீரைவிடப் பாத்திரம் கழுவும் தண்ணீர்தான் மனத்தை அரித்தது. வாழையிலை கிடைக்காத ஊரில் அதற்கு ஈடாகத் தட்டின்மேல் சரான் ராப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைத்தாளை விரித்துச் சாப்பிட்டுவிட்டுச் சுருட்டி எறிந்தோம். வெப்பம் தாங்கும் மெல்லிய பாலித்தீன் பையில் அரிசியும் அளவுத் தண்ணீரும் போட்டு, காற்றை வெளியேற்றி முடிந்து, கொதிக்கும் நீரில் அரைமணி வேகவைக்கும் முறையையும் மூதாட்டிதான் சொல்லித் தந்தார். ஒரே பாத்திரத்தில் ஒரு பையில் சோறு, ஒரு பையில் உருளைக்கிழங்கு, வெளியே இருக்கும் நீர் மறுநாளைக்கும் அதே வேலைக்கு. சட்டியின் அடி பையில் படாதிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும்; முதல் தடவை நான் போடவில்லை, பை உருகிச் சோறு வீணாயிற்று. அரைக் கோப்பை அரிசி வீணானதற்கு அப்படி அழுவேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

குறைகளைச் சொல்ல வேண்டும். பெரிய குறை, குளிர். நீர் உறையும் அளவை ஒட்டிய குளிரில் பியூட்டேன் வாயுவாக மாறாது. பத்துப் பாகைக்குக் கீழே போனாலே தீ சோர்ந்துவிடும். மார்ச் மாதத்து உராயாசுவில், இரவில் பால்கனியில் வைத்திருந்த குப்பியைக் காலையில் மாட்டினால் நீலச் சுடர் விரல் நுனி அளவுக்குத்தான் எழுந்தது. எரியும்போது குப்பி தானே குளிர்ந்துகொண்டும் போகும். அடுப்பின் சூட்டைக் குப்பிக்குக் கடத்தும் உலோகத் தகடு உள்ள மாதிரிகளில் இது ஓரளவு சரியாகிறது. 2021இல் நான் வாங்கிய இரண்டாவது அடுப்பில் அது இருக்கிறது, வித்தியாசம் தெரிகிறது. குப்பியை அறைக்குள்ளே வைத்துக்கொள்வதே எளிய மருந்து. தீயில் காட்டியோ வெந்நீரில் முக்கியோ சூடாக்கலாமா என்று யாரும் யோசிக்கவே கூடாது. நாற்பது பாகைக்கு மேலே போகக் கூடாது என்று குப்பியிலேயே எழுதியிருக்கிறது.

இரண்டாவது குறை நம்மவர்களுக்கே உரியது. தோசைக்கல். அகலமான இரும்புக் கல்லை ஏற்றினால் அது பக்கத்துக் கூண்டின் மேலும் கூரைபோல் நீண்டு, சூட்டைக் குப்பியின்மேல் திருப்பிவிடும். இங்கே நிகழும் வெடி விபத்துகளுக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. குழாய் எரிவாயு திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்கு எதையாவது ஆசையாகச் செய்து தரலாமே என்று கோதுமைத் தோசைக்குப் பெரிய கல்லை வைத்தேன். நான்காவது தோசையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். நெம்புகோல் துள்ளி மேலே வந்தது, தீ அணைந்தது. குப்பிக்குள் அழுத்தம் ஏறினால் இணைப்பைத் தானே விடுவிக்கும் காப்பு அது. அடுப்பின் தவறு இதில் ஏதுமில்லை, என் தவறு முழுதும். கூண்டை மறைக்காத சிறிய கல்லையே இப்போது பயன்படுத்துகிறேன். இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரு பெரிய பாத்திரத்தை ஏற்றுவதும் இதே காரணத்துக்காகக் கூடாது. பொங்கல் விழாவுக்கு அப்படிச் செய்ய முனைந்த ஒரு நண்பரை ஒருமுறை தடுத்திருக்கிறேன். ஊரிலிருந்த அம்மா தொலைபேசியில் “பூச்சிமருந்து டப்பா மாதிரி இருக்குங்கிற, அதையா பிள்ளைக பக்கத்துல வச்சிருக்க?” என்று கேட்டது அதிகப்படியான பயம் என்று அன்று தோன்றியது. தோசைக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

பின்னதிர்வுகளின்போது எப்படி என்றும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு விதி, அடுப்பு எரியும் நேரம் முழுதும் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. கைப்பேசியில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி கிளம்பியதும் முதலில் குமிழ், அப்புறம் குழந்தை. வரிசை தலைகீழாகத் தோன்றலாம். கொதிக்கும் குக்கருக்குக் கீழே தீ இல்லாமல் செய்ய ஒரு நொடி போதும், அந்த ஒரு நொடியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போய்விட முடியாது. மேசையைவிடத் தரையில் ஒரு பலகை போட்டுச் சமைப்பதே எனக்குச் சரியாகப் பட்டது. ஜப்பானிய வீட்டில் அது ஒன்றும் விசித்திரமில்லை. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், குளிரடித்தாலும். அறையைச் சூடாக்க இந்த அடுப்பை எரியவிடுவது உயிருக்கு ஆபத்து.

இந்த அடுப்பு முற்றிலும் கைவிட்ட நாள் ஒன்று உண்டு. மார்ச் 23 அன்று, டோக்கியோவின் கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரெல் கதிரியக்க அயோடின் இருப்பதாக அறிவித்தார்கள். கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. சிபா மாகாணத்துச் சில நிலையங்களிலும் அதே கதையாயிற்று. அதுவரை எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தால் தீர்ந்தது என்று வளர்ந்த எனக்கு, கொதிக்க வைத்தாலும் அயோடின் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும் என்று தெரிந்தபோது, கையில் தீப்பெட்டிபோல் இருந்த ஒரே ஆயுதமும் நமத்துப்போன மாதிரி இருந்தது. டோக்கியோ நிர்வாகம் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு 550 மில்லிலிட்டர் புட்டி மூன்று வீதம் கொடுத்தது. நாங்கள் எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம், சிபாவில்; எங்களுக்குக் கிடையாது. நிஷி கசாயிலிருந்து ஒரு தோழி தன் மூன்றில் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் கனமாச்சியில் அளவு 79க்கு இறங்கி, டோக்கியோவில் தடை நீங்கியது.

மாற்றுப் பொருட்களையும் பார்த்திருக்கிறேன். வெந்நீர் ஊற்றிப் பதினைந்து நிமிடமோ, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரமோ வைத்தால் சோறாகும் ‘ஆல்ஃபா அரிசி’ நல்ல பண்டம், ஐந்தாண்டு கெடாது. வெறும் வெள்ளைச் சோற்றுப் பொட்டலத்தைப் பருப்புப்பொடியோடு தாராளமாகச் சாப்பிடலாம். சுவையூட்டிய வகைகளில் மீன் சாறோ கோழிச் சாறோ கலந்திருப்பது வழக்கம் என்பதால், சைவ வீட்டார் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம். அடுப்பு இருந்தால் இதே பொட்டலம் இரு மடங்கு நன்றாக இருக்கும். இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய அவசரகாலப் பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பருத்திக் கையுறை நான்கு, ஊதல் ஒன்று, சுழற்றி மின்னேற்றும் வானொலி ஒன்று, அதன் கைப்பிடி இரண்டாம் ஆண்டில் கையோடு வந்தது. பையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் நடுவில் கடைக்குச் சரக்கு வந்ததும் சொந்தமாக ஓர் அடுப்பு வாங்கிவிட்டு, மூதாட்டியின் அடுப்பைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம். சாம்பார் பொங்கி வழிந்த மஞ்சள் கறை உள்தட்டிலிருந்து என்ன செய்தும் போகவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த குளிர்காலத்தில் அவர் வீட்டு நபேக்கு எங்களை அழைத்தபோது, அந்தத் தட்டைச் சுட்டிக்காட்டித் தன் மகனிடம் “இது இந்தியா” என்று சொல்லிச் சிரித்தார்.

வாங்குவோருக்குச் சில குறிப்புகள். இன்றைய விலையில் மூவாயிரம் முதல் ஐயாயிரம் யென்னுக்குள் நல்ல அடுப்பு கிடைக்கும். வெப்பத் தகடு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். காற்றுத் தடுப்புள்ள, தீ வட்டம் சிறிதான மாதிரி நம் குக்கருக்கு நன்றாக ஒத்துவருகிறது. நால்வர் குடும்பத்துக்குப் பன்னிரண்டு குப்பி என்பது என் அனுபவக் கணக்கு. மாதம் ஒருமுறை மேசையில் வைத்துத் தோசையோ நபேயோ செய்து ஒன்றைத் தீர்த்து, புதியதை வாங்கி வையுங்கள். குப்பியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். காலிக் குப்பியை எந்தக் கிழமை, எந்தப் பையில் போடுவது என்பது நகரத்துக்கு நகரம் மாறும். குப்பிக்கு ஏழாண்டு, அடுப்புக்குப் பத்தாண்டு என்று ஆயுள் சொல்கிறார்கள், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போய் வாயு கசியும் என்பதால். குப்பியின் தேதி அடியில் அச்சாகியிருக்கும். அடுப்புக்கு மட்டும் ரசீதைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்; பத்தாண்டு கழித்து, வாங்கிய வருடம் எது என்பதில் வீட்டில் கட்டாயம் சண்டை வரும்.